புற்றுநோய் சிகிச்சையும் தோலும்: மருந்து தொடங்கும் முன்பிருந்து நகம் திரும்ப வளரும்வரை

புற்றுநோய் மருந்தால் தோலில் வரும் தொல்லையை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நோயாளியே எடுத்துக்கொள்வதில்லை. இவ்வளவு பெரிய சிகிச்சை நடக்கும்போது அரிப்பையும் வெடிப்பையுமா போய்ச் சொல்வது என்று பொறுத்துக்கொள்வார். ஆனால் மாத்திரையைச் சில வாரங்கள் நிறுத்தி வைப்பது, டோஸைக் குறைப்பது, அடுத்த சுற்றைத் தள்ளிப்போடுவது ஆகியவற்றுக்குப் பல மருந்துகளில் முக்கியக் காரணமே தோல்தான். கை கால் கொப்பளித்து நடக்க முடியாமல் போனபின் மருந்தை நிறுத்தத்தான் வேண்டியிருக்கும். முதல் எரிச்சலிலேயே சொல்லியிருந்தால் ஒரு கிரீமோடு முடிந்திருக்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்தப் பாதிப்புகள் பெரும்பாலும் கண்டபடி வருவதில்லை. எந்த மருந்து, உடம்பின் எந்த இடத்தில், எத்தனையாவது வாரத்தில் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆகவே தோல் பராமரிப்பு தொடங்க வேண்டியது தடிப்பு வந்தபின் அல்ல, மருந்து தொடங்கும் நாளில். சிலவற்றில் அதற்கும் முன்பு.

முதலில் மருந்தின் பெயர்

'கீமோ' என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். தோலைப் பொறுத்தவரை அது போதாது. டிஸ்சார்ஜ் சீட்டிலோ மருந்து அட்டையிலோ உள்ள பெயரைப் படித்து, கீழே உள்ள எந்தக் குடும்பத்தில் வருகிறது என்று பாருங்கள்.

செட்டுக்சிமாப், பானிட்டுமுமாப் ஊசிகளும், எர்லோட்டினிப், ஜெஃபிட்டினிப், அஃபாட்டினிப், ஒசிமெர்ட்டினிப் மாத்திரைகளும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பியை, அதாவது செல்லை வளரச் சொல்லும் தகவலை வாங்கும் புரதத்தை, தடுப்பவை. அந்த ஏற்பி புற்றுநோய் செல்லில் மட்டும் இல்லை. தோலின் அடியடுக்கிலும் மயிர்க்கால்களிலும் நகத்தைச் சுற்றியும் இருக்கிறது. அதனால்தான் முகம், நெஞ்சு, முதுகில் பரு போன்ற தடிப்பும், பிறகு வறட்சியும் நகச்சுத்தியும் வருகின்றன. ஒசிமெர்ட்டினிப்பில் இது பொதுவாகக் கொஞ்சம் மென்மையாக இருக்கும்.

கேப்சிட்டபைன், 5-எஃப்.யூ., கொழுப்புறையிட்ட டாக்ஸோரூபிசின் ஆகியவை உள்ளங்கை, உள்ளங்காலைப் பதம் பார்க்கும். சோராஃபெனிப், ரெகோராஃபெனிப், சுனிட்டினிப், கேபோசான்டினிப் மாத்திரைகளும் அங்கேயே தாக்கும், ஆனால் வேறு விதமாக. டோசிடாக்ஸெல், பாக்லிடாக்ஸெல் நகங்களை உலுக்கும். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப், இபிலிமுமாப் போன்ற நோய் எதிர்ப்பாற்றல் சிகிச்சைகளில் அரிப்பும் தடிப்பும் முன்னால் நிற்கும். கதிர்வீச்சு அது படும் இடத்தை மட்டும் பாதிக்கும்.

மருந்து தொடங்கும் முன்னர் ஒரு வாரம்

காலணியைக் கழற்றி உள்ளங்காலைப் பாருங்கள். காய்ப்பு, ஆணி, குதிகால் வெடிப்பு இருந்தால் இப்போதே சரிசெய்ய வேண்டும். குறிப்பாக சோராஃபெனிப் குடும்பத்து மாத்திரை தொடங்குவோருக்கு இது கட்டாயம். ஏனென்றால் அந்த மருந்தின் கொப்புளம் அழுத்தம் படும் இடத்தில்தான் முதலில் கிளம்பும். காய்ப்பு என்பது அழுத்தம் சேர்ந்த இடம். காலை வெந்நீரில் ஊறவைத்துப் பிளேடால் சீவும் வேலை வேண்டாம். 20 முதல் 40 சதவீத யூரியா கிரீமைக் காய்ப்பின் மேல் மட்டும் தினமும் இரவு தடவி மிருதுவாக்குங்கள். நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரிடமோ கால் பராமரிப்பு நிபுணரிடமோ காட்டிச் செய்துகொள்வது பாதுகாப்பு.

ஏற்கெனவே சொரியாசிஸ், எக்ஸிமா, மருந்து ஒவ்வாமை இருந்திருந்தால் அதைப் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எதிர்ப்பாற்றல் சிகிச்சையில் பழைய சொரியாசிஸ் மறுபடி தலைதூக்கக்கூடும். பிறகு கை, கால், முகம், முதுகு ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் "இது முன்பே இருந்ததா, புதிதா?" என்ற கேள்வி வரும்போது அந்தப் படத்தைப் பார்த்தால் போதும்.

தினமும் செய்ய வேண்டியது

குளியல் வெதுவெதுப்பான நீரில், 10 நிமிடத்துக்குள். நுரை பொங்கும் வாசனை சோப்பை விட்டுவிட்டு, வாசனையற்ற, அமிலகாரத்தன்மை (pH) 5.5 அளவில் உள்ள மென்மையான சுத்திகரிப்பானுக்கு மாறுங்கள். நார், கல், பிரஷ் எதுவும் வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காயும் முன் மாய்ஸ்சரைசர் தடவுங்கள்.

தவறு நடப்பது பெரும்பாலும் அளவில். வளர்ந்த ஒருவருக்கு உடம்பு முழுக்க ஒருமுறை தடவ ஏறத்தாழ 30 கிராம் வேண்டும். நாளுக்கு இருமுறை என்றால் வாரத்துக்கு 400 கிராம். 50 கிராம் டியூபை ஒரு மாதம் ஓட்டிவிட்டு "தடவிக்கொண்டுதான் இருக்கிறேன், பலனில்லை" என்றால் தோலுக்கு மருந்து போய்ச் சேரவே இல்லை என்று பொருள். பெரிய ஜாடியாக வாங்குங்கள். லோஷனைவிட கிரீம் மேல், மிகவும் வறண்ட இடத்துக்கு ஆயின்ட்மென்ட் இன்னும் மேல். பரு போன்ற தடிப்பு உள்ள முகத்துக்கு மட்டும் பிசுபிசுப்பான ஆயின்ட்மென்ட் வேண்டாம், இலகுவான கிரீம் போதும். பாரஃபின், வாஸ்லின் ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு, சிகரெட், விளக்குப் பக்கம் கவனம்.

ஸ்டீராய்டு கிரீமுக்கு அளவு வேறு. சுட்டுவிரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை டியூபிலிருந்து பிதுக்கினால் அது ஒரு 'விரல்நுனி அளவு', சுமார் 0.5 கிராம். ஒரு கையின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் சேர்த்து 1 அளவு. முகம், கழுத்துக்கு 2.5. ஒரு முழுக் கரத்துக்கு 3. ஒரு பாதத்துக்கு 2, ஒரு காலுக்கு 6. நெஞ்சும் வயிறும் சேர்த்து 7, முதுகுக்கு 7.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30-க்கு மேல், யூ.வி.ஏ., யூ.வி.பி. இரண்டையும் தடுப்பதாக. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்க வேண்டும். வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. தோல் எரிச்சல் உள்ளவர்களுக்கு துத்தநாக ஆக்ஸைடு சேர்ந்த வகை ஒத்துப்போகும். யூ.வி.ஏ. கதிர் ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். வெமுராஃபெனிப் எடுப்பவர்கள் கார் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தும் வெந்துபோவது இதனால்தான். மெத்தோட்ரெக்ஸேட், 5-எஃப்.யூ., டக்கார்பசின், வாண்டெட்டனிப் எடுப்பவர்களும் வெயிலில் ஜாக்கிரதை. தொப்பியும் முழுக்கைச் சட்டையும் எந்த கிரீமைவிடவும் நம்பகமானவை என்பது எங்கள் கட்சி.

முகப்பரு போலத் தெரியும், ஆனால் முகப்பரு அல்ல

இ.ஜி.எஃப்.ஆர். தடுப்பு மருந்து தொடங்கி ஒன்று அல்லது இரண்டாவது வாரத்தில் மூக்கு, கன்னம், நெற்றி, உச்சந்தலை, நெஞ்சில் சின்னச் சின்னச் சீழ்ப்பொட்டுகள் கிளம்பும். அரிக்கும், சில சமயம் வலிக்கும். கூர்ந்து பார்த்தால் கரும்புள்ளி, வெண்புள்ளி முளைகள் இருக்காது. முகப்பருவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். எனவே பென்சாயில் பெராக்ஸைடு, அடபலின், ட்ரெட்டினாயின், சாலிசிலிக் அமிலம் போட்டால் ஏற்கெனவே மெலிந்துபோன தோல் இன்னும் காய்ந்து உரியும். கடையில் "பருவுக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவது இந்த நோயில் நடக்கும் முதல் தவறு.

இரண்டாவது தவறு, பரு வரும்வரை காத்திருப்பது. பானிட்டுமுமாப் எடுத்தவர்களிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே தோல் பராமரிப்பைத் தொடங்கியவர்களில் 29 சதவீதம் பேருக்கும், வந்தபின் தொடங்கியவர்களில் 62 சதவீதம் பேருக்கும் நடுத்தர அல்லது கடுமையான பாதிப்பு வந்தது. அதில் செய்தது நான்கு வேலைதான்: மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் கிரீம், டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை 100 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை. சிகிச்சைக்கு முந்தைய நாள் தொடங்கி 6 வாரம். உங்கள் மருத்துவர் இதைச் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்: "தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின் எனக்கு ஒத்துவருமா?"

டாக்ஸிசைக்ளினை விழுங்குவதற்கு ஒரு முறை உண்டு. ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். பால், இரும்புச்சத்து மாத்திரை, அசிடிட்டி மருந்து ஆகியவற்றோடு சேர்த்து எடுத்தால் உடம்பில் சேராது. இரண்டு, மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். இதுவும் வெயிலில் தோலை எரிக்கும் மருந்து என்பதால் சன்ஸ்கிரீனுக்கு விடுமுறை இல்லை. கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

தடிப்பு மேல் தேன் நிறத்தில் பொருக்கு கட்டினாலோ, திடீரென்று ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சீழ் ஒழுகினாலோ கிருமி சேர்ந்துவிட்டது. சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகு ஆன்டிபயாட்டிக் மாற்றுவதே முறை.

இந்தத் தடிப்பு நன்றாக வந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு தொடர்பு ஆய்வுகளில் தெரிந்திருப்பது உண்மை. ஆனால் அதற்காகச் சிகிச்சை எடுக்காமல் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. தடிப்பைக் குறைத்தால் மருந்தின் பலன் குறைந்துவிடாது. தடிப்பு வராதவர்கள் கலங்கவும் வேண்டாம்.

உள்ளங்கை, உள்ளங்கால்

இங்கே இரண்டு வெவ்வேறு நோய்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. குழப்பிக்கொண்டால் பராமரிப்பும் தவறும்.

கேப்சிட்டபைன் வகையில் முதலில் வருவது ஊசி குத்தும் உணர்வு, மதமதப்பு. பிறகு உள்ளங்கை முழுவதும் பரவலாகச் சிவந்து, வீங்கி, எரிந்து, உரியும். பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று சுற்றுகளுக்குள் தெரிந்துவிடும். சோராஃபெனிப் வகையிலோ குதிகால், பெருவிரல் அடி, விரல் மடிப்பு என்று அழுத்தம் படும் இடத்தில் மட்டும் தடித்த, மஞ்சள் படிந்த, சுற்றிலும் சிவந்த கொப்புளம். முதல் 2 முதல் 6 வாரத்தில். முன்னதில் சூடும் உராய்வும் எதிரி, பின்னதில் அழுத்தம் எதிரி.

கருநிறத் தோலில் 'சிவப்பு' என்ற சொல் ஏமாற்றும். உள்ளங்கை கருமையாக, ஊதாவாக, அல்லது வெறும் பளபளப்பாக மட்டுமே மாறலாம். நிறத்தை நம்பாமல் தொட்டுப் பாருங்கள்: சூடு, இறுக்கம், வீக்கம், கையை மூடும்போது வலி. சட்டைப் பொத்தான் போடும்போதும் மூடியைத் திருகும்போதும் எரிகிறதா என்று தினமும் கவனியுங்கள்.

இரண்டு வகைக்கும் பொதுவானது 10 சதவீத யூரியா கிரீம், மருந்து தொடங்கும் நாளிலிருந்தே, நாளுக்கு மூன்று முறை. சோராஃபெனிப் எடுத்தவர்களிடம் இது பாதிப்பைக் குறைத்தது பெரிய ஆய்வில் உறுதியானது. வெடித்த இடத்தில் யூரியா சுரீர் என்று எரியும். அங்கே வாஸ்லினோ வேறு சாதாரண ஆயின்ட்மென்டோ போடுங்கள். இரவில் கனமாகத் தடவி, மேலே தளர்வான பருத்திக் கையுறை, காலுறை.

கேப்சிட்டபைனுக்கு இப்போது ஒரு நல்ல தடுப்பு கிடைத்திருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், 1 சதவீத டைக்ளோஃபினாக் ஜெல்லை ஒவ்வொரு கையிலும் முன்பக்கம், பின்பக்கம் விரல்நுனி அளவு எடுத்து நாளுக்கு இருமுறை, 12 வாரம் தடவினார்கள். நடுத்தர, கடுமையான பாதிப்பு இந்த ஜெல் போட்டவர்களில் 3.8 சதவீதம், மருந்தில்லாத போலி ஜெல் போட்டவர்களில் 15 சதவீதம். மூட்டு வலிக்குப் போடும் அதே ஜெல்தான். ஆனால் மென்தால், மிளகாய்ச் சத்து கலந்த 'சூடேற்றும்' வகைகளை எடுத்துவிடாதீர்கள். வெடித்த தோலில் போட வேண்டாம். டைக்ளோஃபினாக் ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். இந்த ஆய்வு ஜெல்லைப் பற்றியது. டைக்ளோஃபினாக் மாத்திரையை நீங்களாக விழுங்குவது வேறு ஆபத்து. வைட்டமின் பி6 மாத்திரை பல ஆண்டுகளாகப் பழக்கத்தில் எழுதப்படுகிறது. முறையான ஆய்வுகளில் அது தடுக்கவில்லை.

பாத்திரம் தேய்ப்பது, துணி பிழிவது, சுத்தியல், ஸ்க்ரூடிரைவர் பிடிப்பது, நீண்ட தூரம் நடப்பது, தட்டித் தட்டிக் கைதட்டுவது எல்லாம் நுண்ணிய இரத்தக் குழாய்களை நசுக்கி, மருந்தைத் தோலுக்குள் கசியவிடும் என்று கருதப்படுகிறது. கொழுப்புறையிட்ட டாக்ஸோரூபிசின் ஏற்றியபின் 3 முதல் 5 நாட்கள் வெந்நீர்க் குளியல், இறுக்கமான மோதிரம், வளையல், பெல்ட், காலணி எல்லாவற்றையும் தவிருங்கள். சோராஃபெனிப் எடுப்பவர்கள் மெத்தென்ற ஜெல் பட்டை வைத்த, முன்பக்கம் அகலமான காலணி போட வேண்டும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது.

எரியும்போது குளிர்ந்த நீரில் 10, 15 நிமிடம் கையை வைப்பது இதம். இங்கே ஒரு பெரிய விதிவிலக்கு: கேப்சிட்டபைனோடு ஆக்ஸாலிபிளாட்டின் ஊசியும் போகிறது என்றால் குளிர்ச்சி கூடாது. அந்த ஊசி நரம்புகளைக் குளிருக்குக் கூச வைக்கும். ஐஸ் கட்டியைத் தொட்டால் கையில் மின்சாரம் பாய்ந்தது போல இருக்கும்.

எப்போது மருந்தை நிறுத்துவது? லேசான மதமதப்பு, வலியில்லாத சிவப்பு என்றால் தொடரலாம், ஆனால் தகவல் சொல்ல வேண்டும். வலியோடு சிவந்து, அன்றாட வேலை தடைப்பட்டால் அன்றைய கேப்சிட்டபைன் டோஸை விழுங்குவதற்கு முன்பே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். வழக்கமாக அந்த நிலையில் மருந்தை நிறுத்தி, தோல் தணிந்தபின் தொடர்வார்கள். விட்டுப்போன மாத்திரைகளைச் சேர்த்து வைத்து ஈடுகட்டக் கூடாது. முதல் சில நாட்களிலேயே கை கால் எரிச்சலோடு வாய்ப்புண், கட்டுக்கடங்காத வயிற்றுப்போக்கு சேர்ந்தால் அது தோல் விஷயமே அல்ல. இந்த மருந்தைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு அப்படி ஆகும். அது உயிருக்கே ஆபத்து, உடனே நிறுத்தி மருத்துவமனை செல்ல வேண்டும்.

கேப்சிட்டபைனில் கைரேகை அழிந்துபோவதும் உண்டு. விரல் வைத்துத் திறக்கும் போனும், கைரேகைச் சரிபார்ப்பு கேட்கும் அலுவலகங்களும் உங்களை அடையாளம் காணாது. வங்கி, பயணம், ஓய்வூதியம் போன்ற வேலைகளுக்குச் சிகிச்சை பற்றிய மருத்துவர் கடிதம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

கதிர்வீச்சு பட்ட தோல்

இரண்டு, மூன்று வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு அந்த இடம் சூடாகி, கறுத்து அல்லது சிவந்து, அரிக்கும். உச்சம் வருவது சிகிச்சை நடக்கும்போது அல்ல, முடிந்து ஒன்று, இரண்டு வாரம் கழித்து. கடைசி நாளில் நன்றாக இருந்த தோல் வீட்டுக்கு வந்தபின் உரிவதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். அது எதிர்பார்த்ததுதான். மார்பகத்தின் கீழ் மடிப்பு, அக்குள், கழுத்து மடிப்பு, தொடை இடுக்கு ஆகியவைதான் முதலில் ஈரமாக உரியும் இடங்கள், உராய்வும் வியர்வையும் சேர்வதால்.

வெதுவெதுப்பான நீரும் மென்மையான சுத்திகரிப்பானும் கொண்டு தினமும் கழுவலாம், கழுவ வேண்டும். தண்ணீரே படக் கூடாது என்பது பழைய கதை. மருத்துவக் குழு போட்ட அடையாளக் கோடுகளை மட்டும் தேய்த்து அழித்துவிடாதீர்கள். தோல் முழுதாக இருக்கும்வரை அக்குளில் டியோடரண்ட் போடுவதால் கேடு கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சவரத்துக்கு பிளேடு வேண்டாம், மின் சவரக் கருவி போதும். பிளாஸ்டர், வென்னீர்ப் பை, ஐஸ் பை, பவுடர், இறுக்கமான பிரா, கஞ்சி போட்ட காலர் எதுவும் அந்த இடத்தில் படக் கூடாது.

மாய்ஸ்சரைசரை மெல்லிய பூச்சாகப் போட்டுத் தோலில் இறங்கவிட்டால் பிரச்சினை இல்லை. சிகிச்சை மேசையில் படுக்கும் நேரத்தில் கெட்டியாகப் பூசியிருக்கக் கூடாது. துத்தநாகம், வெள்ளி போன்ற உலோகம் கலந்த களிம்புகளைக் கதிர்வீச்சுக் குழுவைக் கேட்காமல் போட வேண்டாம். மொமெட்டசோன் 0.1 சதவீத கிரீமைச் சிகிச்சையின் முதல் நாளிலிருந்தே போடத் தொடங்கினால் கடுமையான எரிச்சல் குறைகிறது. இது மருத்துவர் எழுதித் தர வேண்டியது, உரிந்து ஈரமான தோலில் போடுவதல்ல. மார்பகக் கதிர்வீச்சில் முதல் நாளிலிருந்தே ஒட்டி வைக்கும் மெல்லிய சிலிகான் படலம் ஈரமாக உரிவதைக் குறைக்கிறது. கற்றாழை ஜெல்லுக்கு இருக்கும் பெயர் அளவுக்கு ஆய்வுகளில் பலன் தெரியவில்லை.

ஈரமாக உரிந்துவிட்டால்:

1. சாதாரண உப்புக்கரைசலால் (நார்மல் சலைன்) மெல்ல நனைத்துக் கழுவுங்கள். ஹைட்ரஜன் பெராக்ஸைடும் ஸ்பிரிட்டும் புதிதாக வளரும் தோலைக் கொல்லும்.
2. ஒட்டாத வகைக் கட்டுத்துணி (சிலிகான் அல்லது வாஸ்லின் பூசிய வலை) மேலே வையுங்கள். பஞ்சை நேரடியாக வைத்தால் காய்ந்து ஒட்டி, எடுக்கும்போது தோலையும் சேர்த்து எடுத்துவரும்.
3. கட்டைத் தோலில் பிளாஸ்டரால் ஒட்டாமல், வலைக்குழாய் துணியால் பிடித்து நிறுத்துங்கள்.
4. கட்டு ஒட்டிக்கொண்டால் இழுக்காமல், உப்புக்கரைசலில் ஊறவிட்டு எடுங்கள்.
5. துர்நாற்றம், பச்சைச் சீழ், கூடும் வலி, காய்ச்சல் இருந்தால் அன்றே காட்டுங்கள்.

நகம்

டாக்ஸெல் மருந்துகளில் நகத்தின் குறுக்கே கோடு விழுவது, கறுப்பது, அடியில் இரத்தம் கட்டுவது, படுக்கையிலிருந்து பிரிவது எல்லாம் வரும். டோசிடாக்ஸெல் ஏறும்போது உறைகுளிர்க் கையுறை அணிவது இதைத் தடுக்கும்; மருந்து தொடங்க 15 நிமிடம் முன்பு அணிந்து, ஏறும் ஒரு மணி நேரமும் வைத்து, முடிந்து 15 நிமிடம் கழித்துக் கழற்றுவது. 2005-இல் வெளியான ஆய்வில் கையுறை போட்ட கையில் நகப் பாதிப்பு 11 சதவீதம், போடாத கையில் 51 சதவீதம். குளிரில் விரல் வெளுத்துப்போகும் நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது. நகம் ஆடினால் பிய்க்காமல் குட்டையாக வெட்டி, மேலே தளர்வாகக் கட்டுங்கள். நகத்தடியில் சீழ் தெரிந்தால் வடிக்க வேண்டும்; அது மருத்துவர் வேலை.

இ.ஜி.எஃப்.ஆர். மருந்துகளில் 4 முதல் 8 வாரத்தில் நகச்சுத்தி வரும், பெருவிரல்களில் அதிகம். ஓரத்தில் சிவந்த சதை வளர்ந்து, தொட்டால் இரத்தம் கசியும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தினமும் 10, 15 நிமிடம் ஊறவைத்துத் துடைத்து உலரவிடுங்கள். நகத்தை நேர்கோட்டில் வெட்டுங்கள், மூலையைக் குடைய வேண்டாம். ஒட்டும் பட்டையின் ஒரு நுனியை நக ஓரத்துச் சதையில் ஒட்டி, சதையை நகத்திலிருந்து விலக்கி இழுத்து, விரலின் அடிப்பக்கமாகச் சுற்றி ஒட்டினால் உறுத்தல் உடனே குறையும். விரல் முழுவதும் இறுகச் சுற்றிவிடக் கூடாது. வளர்ந்த சதை அடங்கவில்லை என்றால் மருத்துவர் சில்வர் நைட்ரேட் தொட்டு வைப்பார். விரல்நுனி வெடிப்புகளைத் தோலுக்கான மருத்துவப் பசையால் மூடினால் வலி நிமிடத்தில் அடங்கும்.

எதிர்ப்பாற்றல் சிகிச்சையின் அரிப்பு

இங்கே நாட்காட்டி அவ்வளவு உதவாது. முதல் சுற்றிலும் வரலாம், சிகிச்சை நிறுத்திப் பல மாதம் கழித்தும் வரலாம். அளவை மட்டும் கணிக்கலாம்: உங்கள் உள்ளங்கை, விரல்கள் சேர்த்து, உடம்பின் தோலில் ஏறத்தாழ 1 சதவீதம். தடிப்பு 10 உள்ளங்கைக்கும் குறைவு என்றால் லேசானது. 30-க்கு மேல் என்றால் கடுமையானது. எண்ணிச் சொன்னால் போனிலேயே மருத்துவருக்கு நிலவரம் புரிந்துவிடும்.

லேசானதற்கு மாய்ஸ்சரைசர், ஸ்டீராய்டு கிரீம், அரிப்பு மாத்திரை. பகலில் தூக்கம் வராத வகை போதும். தூக்கம் வரவழைக்கும் பழைய வகை மாத்திரைகளில் முதியவர்கள் இரவில் தடுமாறி விழுகிறார்கள். கடுமையானதற்கு ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள். அரிப்பு நின்றதும் நீங்களாக நிறுத்தாதீர்கள், வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். தடிப்பே இல்லாமல் வாரக்கணக்கில் விடாத அரிப்பு, பின்னால் பெரிய இறுக்கமான நீர்க்கொப்புளங்களாக மாறக்கூடும். அதனால் "தோலில் ஒன்றும் இல்லையே" என்று யார் சொன்னாலும் விடாத அரிப்பைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எந்த மருந்துக்கும் பொருந்தும் எச்சரிக்கை ஒன்று. குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டும், பூஞ்சை மருந்தும், ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றாகக் கலந்த கிரீமை முகத்திலும் மடிப்புகளிலும் போடாதீர்கள். தோல் மெலிந்து, பூஞ்சை மறைந்து வளரும், பிறகு எது மருந்தின் தடிப்பு, எது கிரீமின் கேடு என்று யாராலும் சொல்ல முடியாது.

நரம்பு ஊசி போட்ட இடம்

டாக்ஸோரூபிசின், எபிரூபிசின், வின்கிரிஸ்டின் போன்றவை நரம்பை, அதாவது ஊசி ஏற்றும் இரத்தக் குழாயை, விட்டு வெளியே கசிந்தால் சதையே அழுகும். மருந்து ஏறும்போது எரிச்சல், வீக்கம், இறுக்கம் எதுவாக இருந்தாலும் அந்த நொடியே செவிலியரைக் கூப்பிடுங்கள். "பாட்டில் முடியட்டும்" என்று இருக்காதீர்கள். வீட்டுக்கு வந்தபின் தெரிந்தாலும் உடனே திரும்பிச் செல்லுங்கள். டாக்ஸோரூபிசின் கசிவுக்கான மாற்றுமருந்தை 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். டாக்ஸோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம், வின்கிரிஸ்டினுக்குச் சூடான ஒத்தடம். மாற்றிக் கொடுத்தால் கேடு கூடும் என்பதால் கேட்காமல் எதையும் வைக்காதீர்கள்.

கேட்டில் கருமையும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். 5-எஃப்.யூ. ஏறிய நரம்பின் மேல் பாம்பு நெளிந்தது போல் கருங்கோடு, நாக்கிலும் நகத்திலும் கருமை, பிளியோமைசினில் சாட்டையடி போன்ற கோடுகள் எல்லாம் ஆபத்தில்லாதவை. வெளுக்கும் கிரீம் தேடாதீர்கள், வெயிலைத் தவிருங்கள். மாதக்கணக்கில் மெல்ல மங்கும்.

தாமதிக்கக் கூடாதவை

தடிப்போடு வாய், கண், பிறப்புறுப்பில் புண். தொட்டாலே தோல் வலிப்பது. கொப்புளம் பரவுவது, தேய்த்தால் தோல் கழன்று வருவது. இவற்றில் எதுவானாலும் இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். காரணம் புற்றுநோய் மருந்தாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கோட்ரைமாக்சசோல், அல்லோபியூரினால், வலிப்பு மாத்திரைகள், குறிப்பாக மூளைக்குக் கதிர்வீச்சு எடுக்கும்போது கொடுக்கும் ஃபெனிட்டாயின், இதைச் செய்யும். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கீமோ நடக்கும்போது 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், உடம்பின் ஒரு பக்கமாக மட்டும் பட்டையாக வலியோடு கிளம்பும் நீர்க்கொப்புளங்கள் (அக்கி), உதடு, முகம் வீங்கி மூச்சுத் திணறல் ஆகியவையும் இதே வரிசை. காய்ச்சலை அளந்துவிட்டுச் சொல்லுங்கள். பாராசிட்டமால் போட்டு மறைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அக்கிக்கு மருந்து முதல் 72 மணி நேரத்தில் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும்.

போனில் எப்படிச் சொல்வது

"தோல் சரியில்லை" என்றால் மறுமுனையில் யாருக்கும் எதுவும் புரியாது. மருந்தின் பெயர், எத்தனையாவது சுற்றின் எத்தனையாவது நாள், எந்த இடம், எத்தனை உள்ளங்கை அளவு, வலியா அரிப்பா, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை, காய்ச்சல் எவ்வளவு. கடைசிக்கு முந்தைய கேள்விதான் பாதிப்பின் தரத்தைத் தீர்மானிக்கிறது. சமைக்க, கடைக்குப் போக முடியவில்லை என்றால் நடுத்தரம். குளிக்க, உடுத்த, சாப்பிடவே முடியவில்லை என்றால் கடுமை. "சமாளித்துக்கொள்கிறேன்" என்று சொல்லி ஒரு படி குறைத்துக் காட்டாதீர்கள். மருத்துவர் அதை நம்பி அடுத்த டோஸை அப்படியே தருவார்.

சிகிச்சை முடிந்தபின்

கைநகம் முழுதாகத் திரும்ப வளர ஏறத்தாழ 6 மாதம், கால்நகத்துக்கு 12 முதல் 18 மாதம். கதிர்வீச்சு பட்ட இடம் வாழ்நாள் முழுவதும் வெயிலுக்குக் கூசும். சன்ஸ்கிரீன் அங்கே நிரந்தரம். பின்னாளில் டாக்ஸோரூபிசின், டோசிடாக்ஸெல், ஜெம்சிட்டபின் போன்ற மருந்து ஏறும்போது பழைய கதிர்வீச்சுப் பட்டையின் அதே வடிவத்தில் தோல் திடீரென்று சிவந்து எரியக்கூடும், வருடங்கள் கடந்தும்கூட. பார்ப்பவர் கிருமித்தொற்று என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் எழுதலாம். எனவே எந்த இடத்தில், எந்த மாதம் கதிர்வீச்சு எடுத்தீர்கள் என்பதையும், எதிர்ப்பாற்றல் மருந்து கடைசியாக எப்போது ஏறியது என்பதையும் ஒரு தாளில் எழுதி, எந்த மருத்துவரைப் பார்க்கப் போனாலும் முதலில் அதை மேசையில் வையுங்கள்.